கேடயமாக இருந்தாரா பெத்தேன்? தமிழில் உலகப் போர் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் நீங்கள் எழுதும் நூல்களை வரலாற்று ஆசிரியராகப் பல ஆண்டுகள் மாணவர்கள் கையில் கொடுத்தவன் நான். அவற்றில் சிலவற்றில், 1940இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சின் ஆட்சித் தலைமையை ஏற்ற மார்ஷல் பிலிப் பெத்தேனைப் பற்றி வரும் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தோற்றுப்போன பிரான்சை மேலும் அழிவிலிருந்து காக்க, வேறு வழியின்றி ஜெர்மனியோடு ஒத்துப்போன முதியவர் என்பதே அந்த வரி. அவர் நாட்டுக்குக் கேடயமாக இருந்தார் என்று 1945இல் வழக்கு மன்றத்தில் அவர் தரப்பு முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இதுதான். அதை நாம் வரலாறாக அச்சிடலாகாது.

அவர் வீரர் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் உலகப் போரில், 1916இல், வெர்தன் நகரை ஜெர்மானியரிடமிருந்து காத்ததும், மறு ஆண்டு படையில் கலகம் மூண்டபோது விடுப்பையும் உணவையும் சீராக்கிச் சிப்பாய்களின் மனத்தைத் திருப்பியதும் உண்மை. அந்தப் புகழை நம்பித்தான் 1940 ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம், 569 வாக்குகளால் முழு அதிகாரத்தையும் 84 வயதான அவரிடம் ஒப்படைத்தது. எதிர்த்து வாக்களித்த 80 பேரையும் உங்கள் நூல்களில் நான் தேடிப் பார்த்தேன், பெரும்பாலும் காணவில்லை. வேறு வழி இருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி. நம் புதுச்சேரியிலும் ஆளுநர் போன்வேன் அந்த ஆண்டு செப்டம்பரில், லண்டனிலிருந்து ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி தெ கோலின் பக்கம் நின்றார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருந்ததால் அந்த முடிவு அவருக்கு எளிதாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் ஆவணம் உண்டு. யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கிய, 1940 அக்டோபர் 3 தேதியிட்ட யூதர் சட்டத்தின் வரைவு அது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்து, பாரிஸில் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் ஷோவா நினைவகத்தை அடைந்தது. தட்டச்சு செய்த அந்தத் தாள்களின் மேல், பெத்தேனுடையதென வரலாற்றாளர்கள் இனங்கண்ட கையெழுத்தில் திருத்தங்கள் உள்ளன. பிரெஞ்சுக் குடிமக்களாகப் பிறந்தவர்கள், 1860க்கு முன் குடியுரிமை பெற்றவர்கள் ஆகியோரின் வழிவந்த யூதர்களுக்கு வரைவு அளித்திருந்த விலக்கை அந்தக் கை அடித்துவிட்டது. நீதித்துறையிலும் கல்வித்துறையிலும் யூதர்களுக்கு இருந்த தடையை அகலப்படுத்தியது. பெத்தேன் ஹிட்லரை மோந்துவார் என்ற பிரெஞ்சு ஊரில் சந்தித்துக் கைகுலுக்கியது அதன் பிறகுதான், அக்டோபர் 24 அன்று. ஆறு நாள் கழித்து வானொலியில், ஒத்துழைப்புப் பாதையில் தாம் இறங்குவதாக அவரே நாட்டுக்கு அறிவித்தார். ஆக்கிரமிப்பாளன் கேட்பதற்கு முன்பே, கேட்டதற்கு மேலாகவே, கொடுத்த கை அது.

அதன் விளைவை 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் கண்டது. வீடு வீடாகச் சென்று 13,152 யூதர்களைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். அவர்களில் 4,115 பேர் குழந்தைகள். பதினாறு வயதுக்குட்பட்டவர்களை ஜெர்மானியர் அப்போது கேட்டிருக்கவில்லை. அவர்களையும் சேர்த்து நாடுகடத்த முன்மொழிந்தவர் பெத்தேனின் கீழ் அரசாங்கத்தை நடத்திய லவால். போர் முடிவதற்குள் பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர் மட்டுமே என்னும்போது, கேடயம் யாருக்கு இருந்தது என்று என் மாணவர்களிடம் நான் எப்படி விளக்குவேன்?

1945 ஆகஸ்டில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை, முதுமை கருதி தெ கோல் ஆயுள் தண்டனையாக மாற்றினார். 1951இல், 95 வயதில், தாம் சிறைவைக்கப்பட்டிருந்த யூ தீவில் பெத்தேன் இறந்தார். யூதர்களை நாடுகடத்தியதில் பிரெஞ்சு அரசின் பங்கை ஒரு குடியரசுத் தலைவர், ஷிராக், வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1995 வரை ஆயிற்று. பிரான்சே ஒப்புக்கொண்டதை நாம் இன்னும் மூடிவைப்பது ஏன்?

அடுத்த பதிப்பில் 'வேறு வழியின்றி' என்ற சொற்களை நீக்கிவிடுங்கள். வெர்தன் படம் இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் அந்த வரைவின் ஒரு தாளையும் அச்சிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி.