லாஸ்கரைக் கிண்டலடிக்கும் நண்பனுக்கு

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. செஸ்ஸில் கறுப்புக்கு நான் ஆடும் லாஸ்கர் டிஃபென்ஸைச் சோம்பேறி ஆட்டம் என்று நீ கிண்டலடித்திருப்பதையும் படித்தேன். பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கிழக்குக் காற்று பேயாட்டம் ஆடுகிறது. முண்டகன் நெல் அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் தம்பி அலைகிறான். மற்றபடி சௌக்கியம்.

போன ஞாயிறு பாலக்காட்டில் ஒரு செஸ் போட்டி. கடைசி ரவுண்டில் எனக்குக் கறுப்பு. எதிரே மீசை முளைக்காத ஒரு திருச்சூர்ப் பையன். கிராண்ட்மாஸ்டர் நிஹால் சரின் ஊர்க்காரன் என்ற மிடுக்கு முகத்திலேயே தெரிந்தது. சிப்பாய்களை டி4, சி4 கட்டங்களுக்குத் தள்ளி, ராணி கேம்பிட் என்ற ஓப்பனிங் ஆடினான். நான் பதிலுக்கு, உனக்குப் பிடிக்காத அதே லாஸ்கர் டிஃபென்ஸ். ஜி5-க்கு வந்த பிஷப்பை எச்6 தள்ளி விரட்டினேன். ஏழாவது மூவில் குதிரையைத் தூக்கி நட்டநடுவே ஈ4-இல் வைத்ததும் பையன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். பிஷப்புக்குப் பிஷப், குதிரைக்குக் குதிரை என்று வெட்டுப்பட்டு, பலகையில் நெரிசல் குறைந்தது.

"கிழட்டு ஓப்பனிங்" என்பாய். ராணி கேம்பிட்டில் கறுப்புக்குப் பெரிய தலைவலியே சி8-இல் அடைபட்டுக் கிடக்கும் பிஷப்தான். காய் குறைந்தால்தான் அதற்கு வழி பிறக்கும். லாஸ்கர் காய்களை வெட்டிக் குறைப்பது அதற்குத்தான்.

2010 மே மாதம், பல்கேரியாவின் சோஃபியாவில் உலகச் சாம்பியன் போட்டி. எரிமலைச் சாம்பலால் விமானம் ஓடாமல், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே போய்ச் சேர்ந்த ஆனந்த், எதிராளி டோபலோவின் சொந்த நாட்டில் 5.5-5.5 என்ற நிலையில் கடைசி ஆட்டத்துக்குக் கறுப்போடு உட்கார்ந்தார். ஆடியது இதே லாஸ்கர். டோபலோவ் டிராவுக்கு இறங்காமல் முண்டினார். 31-ஆவது மூவில் அவர் எஃப்5 சிப்பாயை வெட்ட, ஆனந்த் ஈ4 தள்ளினார். அதையும் வெட்டினார் டோபலோவ் மனுஷன்! ஆனந்தின் ராணி ஈ4-இல் இறங்கிச் செக். சி8-இலிருந்து வந்து ஏ8 மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த பிஷப்புக்கு ராஜா வரை பாதை திறந்துவிட்டது. 6.5-5.5, பட்டம் கையில். இதையா சோம்பேறி ஆட்டம் என்கிறாய்?

என் ஆட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. பி6 போட்டு பிஷப்பை பி7-க்குக் கொண்டுவந்து, சி5 தள்ளியதும், பையன் கடிகாரத்தைப் பார்த்தான். "டிரா மதியோ மாஷே?" (டிரா போதுமா சார்?) என்றான். சரி என்று கை கொடுத்தேன்.

மாசியில் பொள்ளாச்சி வழியாக வருவதாக எழுதியிருக்கிறாய். வெள்ளையை நீயே எடுத்துக்கொள். ஆனால் டி4 ஆடு; ஈ4 ஆடினால் லாஸ்கரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்புடன்,
செல்வராஜ்