பழைய கல் கொட்டிலுக்குச் சிமென்ட் வேண்டாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பாட்டனார் காலத்துக் களஞ்சியமும் மாட்டுக் கொட்டிலும் இன்னும் நிற்பதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. கல் சந்துகளைச் சிமென்ட் வைத்துப் பூசலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், வாங்கிய ஈரத்தைச் சந்துகள் வழியாகத்தான் வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியே வெளியேறும். கூடவே வரும் உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, மேல்முகத்தைப் பொரிந்து உதிரச் செய்யும். உன் இரண்டாவது படத்தைப் பார்: சாந்து வரப்பு போல நிற்கிறது, கல் உள்வாங்கிக் கிடக்கிறது. முன்பு யாரோ வைத்த சிமென்ட் செய்த வேலை அது.

முதலில் தண்ணீரைக் கவனி. உடைந்த ஓடுகளை மாற்று, மழைநீர்க் குழாயைச் சரிசெய். சுவரடியில் ஆண்டுக்கணக்காக மண்ணும் சாணமும் சேர்ந்து வெளித்தரை உயர்ந்திருக்கும். உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழும்படி வெட்டியெடு. அடித்தளம் தெரியுமளவு தோண்டிவிடாதே. பல சுவர்களுக்குப் பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும்.

பிறகு சந்துகள். உளியாலும் சுத்தியலாலும் மட்டும் கொத்து. அறுக்கும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. வேண்டும். தூசியைத் தட்டிச் சுவரை நன்றாக நனை. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். பிறகு அது கெட்டிப்படாமல் மாவாக உதிரும்.

ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு என்பது பொது வழக்கு. உன் மணலுக்கு அது பொருந்துமா என்று நீயே பார்க்கலாம். ஒரு டப்பா நிறையக் காய்ந்த மணலை நிரப்பி, விளிம்பு தொடும்வரை தண்ணீரை அளந்து ஊற்று. எவ்வளவு குடித்ததோ அவ்வளவுதான் மணிகளுக்கு இடையிலான வெற்றிடம். அதைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீயே நீற்றுவதானால் கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதே. தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

ஆழமான பொந்துகளில் சிறு கல் சில்லுகளைச் செருகி, அடுக்கடுக்காக அடை. ஒரே தடவையில் திணித்தால் சாந்தில் வெடிப்பு விழும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பக்குவத்தில், முரட்டுத் தூரிகையால் குத்தி இறுக்கு. அதன்பின் ஒரு வாரம் ஈரச்சாக்கைத் தொங்கவிடு. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இது இறுகும், அதுவும் மெதுவாக. உறைபனிக் காலத்தில் தொடங்கவே கூடாது.

கொட்டிலின் வடக்குச் சுவரில் வயிறு தள்ளியிருப்பதுதான் எனக்குக் கவலை. சுவரின் உள்முகம், வெளிமுகம் இரண்டுக்கும் நடுவில் நிரப்பிய கல்லும் மண்ணும் நீர் இறங்கிச் சரிந்திருக்கலாம். முகங்களைப் பிணைக்கும் நெடுங்கற்கள் முறிந்திருக்கவும் கூடும். அங்கே சந்தைக் கொத்தாதே. பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளர் வந்து பார்க்கட்டும். அதுவரை அந்தச் சுவரிலுள்ள விரிசலின் இருபுறமும் பென்சிலால் குறியிட்டு, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து தேதியோடு குறித்து வை. முதல் மூன்று அளவுகளை எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்