முன்மொழிபவர்களின் கைரேகையைச் சான்றளிப்பது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதி வாக்காளர்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: சுயேச்சை வேட்பாளர்களை முன்மொழியும் பத்து வாக்காளர்களின் கையெழுத்து, கைரேகை – நடைமுறையை எளிதாக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையாக நிற்பவருக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். இந்த விதி வந்ததில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. எனவே பத்துப் பேர் என்பதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. தொகுதியில் பத்துப் பேரைக்கூடத் திரட்ட முடியாதவர் தேர்தலில் நிற்பதில் அர்த்தமில்லை என்பதுதான் என் எண்ணமும்.

சிக்கல் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குத்தான். தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன்படி அவர்களுடைய கைரேகையைத் தேர்தல் நடத்தும் அலுவலரோ, தேர்தல் ஆணையம் குறிப்பிடும் வேறு அலுவலரோ நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆனால் வேட்புமனு வாங்கும் அறைக்குள் வேட்பாளரோடு நான்கு பேர்தான் போகலாம். நேரமோ காலை 11 முதல் மாலை 3 வரைதான்.

கடந்த முறை எங்கள் பகுதியில் நின்ற ஒரு சுயேச்சைக்காகக் கையெழுத்து வாங்கப் போனவன் நான். வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரிபார்த்து எழுதியாயிற்று. பத்துப் பேரில் இரண்டு பாட்டிகள் ரேகை வைப்பவர்கள். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, வெயிலில் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே விடவில்லை. வேறு எந்த அலுவலரிடம் போகலாம் என்று கேட்டால் அங்கே சொல்லவும் ஆளில்லை. கடைசியில் கையெழுத்துப் போடத் தெரிந்த வேறு இருவரை அவசரமாகப் பிடித்து மனுவை முடித்தோம். "ஏனுங் கண்ணு, ஓட்டுப் போட மட்டும் என்ற ரேகை செல்லுமா?" என்று அதில் ஒரு பாட்டி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனவே, ரேகைக்குச் சான்றளிக்கக்கூடிய அலுவலர்கள் யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதைத் தேர்தல் அறிவிப்போடு சேர்த்து ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன். முன்மொழிபவர்களை மனு வாங்கும் அறைக்குள் முறைவைத்து அனுமதிக்கவும் அறிவுறுத்த வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது. முன்மொழிந்த இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். 2024-ல் சூரத் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரின் மனுவும் இதே காரணத்தால் போயிற்று. அங்கே வாக்குப்பதிவே நடக்கவில்லை. யார் சொன்னது உண்மை என்று பேச நான் வரவில்லை. எழுதத் தெரிந்தவர்களும், விரும்பினால், அதே அலுவலர் முன் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம் என்றொரு வழி இருந்தால், போலிக் கையெழுத்தும் ஓடாது, மிரட்டிப் பின்வாங்க வைப்பதும் எளிதாக இருக்காது. இதற்கு ஆணையத்தின் ஒப்புதல் தேவை என்றால், தங்கள் பரிந்துரையோடு புது டெல்லிக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.

வேட்புமனு மீதான ஆட்சேபணைக்குப் பதில் சொல்ல வேட்பாளருக்கு அவகாசம் தரலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36(5) பிரிவு சொல்கிறது. முன்மொழிந்தவர் தன் கையெழுத்தை மறுக்கும் நேரங்களில், வேட்பாளர் கேட்டால் அந்த அவகாசத்தை மறுக்காமல் தரும்படி தேர்தல் நடத்தும் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் கோருகிறேன்.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)