காலி இடம் இருக்கிறதென்று இரண்டாவது இன்வெர்ட்டரை டிபி-யில் கொடுக்காதீர்கள்

வீடுகளில் சோலார் பொருத்தும் எலக்ட்ரீஷியன் நண்பர்களுக்கு,

வணக்கம். ஏற்கெனவே ஒரு கிரிட் இன்வெர்ட்டர் (சோலார் மின்சாரத்தை மின் வாரிய லைனோடு சேர்த்துக் கொடுப்பது) ஓடும் வீட்டில் இன்னொன்றைச் சேர்க்கும்போது, டிபி-யில் (வீட்டு மின் விநியோகப் பெட்டி) காலியாக இருக்கும் இடத்தில் ஒரு எம்சிபி-யை (கரண்ட் கூடினால் தானே அணையும் பிரேக்கர்) மாட்டி லைனைக் கொடுத்துவிடுகிறோம். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை நிறுத்துவோம். அன்றைக்கே எல்லாம் ஓடும், மீட்டரும் சரியாகக் காட்டும். சூடாவது பஸ்பார், அதாவது டிபி-க்குள் எல்லா எம்சிபி-களுக்கும் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை.

பஸ்பார் 63 ஆம்பியர், மெயின் பிரேக்கரும் 63 ஆம்பியர் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று 22 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். இரண்டுக்கும் சேர்த்து 43.5. பகலில் வீட்டு லோடு ஏறினால் மெயின் வழியாக 63, சோலார் வழியாக 43.5 என்று பஸ்பாரின் ஒரு துண்டிலேயே 106 ஆம்பியர் ஓட முடியும். மெயின் தன் வழியாகப் போகும் கரண்டை மட்டுமே அறியும். அதனால் எந்த பிரேக்கரும் ட்ரிப் ஆகாது. சோலார் எம்சிபி-யை மெயினுக்கு எதிர்முனையில் வைத்தால் இரண்டு கரண்டும் ஒரே துண்டில் சேராது, உண்மைதான். ஆனால் நாளை வேறொருவர் எம்சிபி-யை இடம் மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

சரியான வழி, இன்வெர்ட்டர்களின் லைன்களை ஒன்றாகச் சேர்க்கும் தனி ஏசி கம்பைனர் பெட்டி. ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் ஒரு 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி (பாதுகாப்புக்காக 22-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 27.5, அடுத்த அளவு 32). வெளியே போகும் பொது லைனுக்கு 63 ஆம்பியர் (43.5-க்கு அதே கணக்கில் 54.4). அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பல்புக்குக்கூட லைன் எடுக்கக் கூடாது. எம்சிபி-களை ஒட்டி ஒட்டி அடுக்காமல் இடைவெளி விடுங்கள். மணிக்கணக்கில் முழு லோடில் ஓடுவதால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று காரணமில்லாமல் விழும்.

அந்த ஒரே லைனை, மின் வாரிய அனுமதி கிடைத்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே தனி ஐசோலேட்டரோடு (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) சேர்ப்பது நல்லது. டிபி-யின் பஸ்பார் தப்பிக்கும். அனுமதி இல்லையென்றால் மெயினும் சோலாரும் கூட்டினால் பஸ்பார் அளவைத் தாண்டாதபடி மாற்றுங்கள்: 100 ஆம்பியர் பஸ்பார், 40 ஆம்பியர் மெயின், 54.4 சோலார். மூன்று ஃபேஸ் வீடானால் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர்களை வெவ்வேறு ஃபேஸில் பிரித்துக் கொடுங்கள்.

மத்தியானத்தில் இரண்டும் மாறி மாறி நின்றுபோனால் இன்வெர்ட்டரைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் காப்பரில் 43.5 ஆம்பியர் போனால், இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் ஏறக்குறைய 4.8 கூடும், 16-ல் 3 வோல்ட்தான். கிரிட்டே 249-ல் இருந்து, இன்வெர்ட்டர் நின்றுவிடும் வரம்பு 253 என்று வைத்திருந்தால், அந்த வித்தியாசமே ஓடுவதையும் நிற்பதையும் முடிவு செய்யும்.

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை அணைப்பது) விஷயத்தில் மேனுவலை விட்டு விலகாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரிலிருந்து டிசி கசிவு வரலாம். ஏசி வகை ஆர்சிசிபி அதில் செயலிழக்கும். மேனுவல் கேட்பது ஏ வகையா, பி வகையா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு இன்வெர்ட்டரையும் ஒரே 30 மில்லிஆம்பியரில் தொங்கவிட்டால் இயல்பான கசிவே சேர்ந்து அதை விழவைக்கும். லைன், லோடு என்று திசை குறித்த ஆர்சிபிஓ-வில் (ஆர்சிசிபி-யும் எம்சிபி-யும் சேர்ந்தது) பின்பக்கமிருந்து மின்சாரம் கொடுத்தால், ட்ரிப் ஆன பிறகும் அதன் உள்சுற்றுக்கு சப்ளை தொடர்ந்து வந்து அது எரிந்துபோகலாம். இருதிசைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் போடுங்கள்.

பேட்டரி இன்வெர்ட்டர்களின் அவுட்புட்டை ஒன்றோடொன்று இணைக்கவே கூடாது. பேரலல் வசதியும் அதற்கான கம்யூனிகேஷன் கேபிளும் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

முடித்ததும் மெயினை (மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே சேர்த்திருந்தால் அந்த ஐசோலேட்டரை) அணைத்து, இரண்டு இன்வெர்ட்டரும் உடனே நிற்கின்றனவா, கம்பைனர் முனைகளில் வோல்டேஜ் பூஜ்யமா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். டிபி மூடியிலும் கம்பைனரிலும் ‘இரண்டு சப்ளை உண்டு, மெயினை அணைத்தாலும் பேனல் பக்க டிசி வயரில் மின்சாரம் இருக்கும்’ என்று அழியாத எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சோலார் வயரிங் செய்யும் உங்கள் சக தொழிலாளர்கள்