வீட்டுக் கணினிக்கும் வரி விளம்பரத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1980களின் வீட்டுக் கணினிகளைத் தேடிச் சேர்த்துப் பழுது பார்த்து வைத்திருப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களை வேலையற்றவர்களாகவோ விநோதப் பிறவிகளாகவோ காட்டாமல் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் இந்த ஆர்வம் நாற்பது ஆண்டுகளாக அணையாமல் இருப்பதற்கு இளமைக்கால நினைவுகளே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நினைவு மட்டும் இருந்தால் கணினி பரணிலேயே கிடக்கும். அதைக் கீழே இறக்கி ஓட வைப்பதற்கு உதிரிபாகமும், அது யாரிடம் இருக்கிறது என்ற தகவலும் வேண்டும். இவ்விரண்டையும் ஆர்வலர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவை கணினி இதழ்களின் விளம்பரப் பக்கங்களும், அவற்றைப் பார்த்துக் கூடியவர்களின் சந்திப்புகளுமே. கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' கணினியை வெளியிட்டபோது 16 கே நினைவகம் கொண்டதை 125 பவுண்டுக்கும், 48 கே கொண்டதை 175 பவுண்டுக்கும் விற்றது. வீட்டு டி.வி.தான் திரை, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டர்தான் நிரல்களைச் சேமிக்கும் கருவி. தொடக்கத்தில் இதை வாங்க விரும்பியவர், இதழில் வந்த விளம்பரத்தின் ஓரத்திலிருந்த கூப்பனை வெட்டி நிரப்பி, காசோலையுடன் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படி அனுப்பியவர்களில் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பதையும், அதே நிறுவனம் 1984 ஜனவரியில் 'க்யூஎல்' என்ற கணினியை அது விற்பனைக்குத் தயாராகும் முன்னரே அறிவித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விளம்பரங்களெல்லாம் உண்மை பேசின என்று நான் வாதிடவரவில்லை. விளையாட்டு நிரல்களுக்கான விளம்பரங்களில் வண்ண ஓவியமாகச் சீறிய டிராகன், திரையில் நான்கைந்து கட்டங்களாக நகர்ந்ததைப் பார்த்து ஏமாந்த சிறுவர்கள் உலகமெங்கும் இருந்திருப்பார்கள். இருந்தாலும் வணிகமும் ஆர்வமும் அந்தத் துறையில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ஸ்பெக்ட்ரம் பயனர்களிடையே புகழ்பெற்ற 'க்ராஷ்' இதழ், இங்கிலாந்தின் லட்லோ என்னும் சிற்றூரிலிருந்து 1984இல் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அது தபால்வழி விற்பனைக்கான ஒரு விலைப்பட்டியலாகத்தான் இருந்தது.

பெரிய விளம்பரங்களைவிட, இதழ்களின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வந்த சிறு விளம்பரங்களையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். கையிலிருக்கும் பிரிண்டரை விற்க வேண்டும், இன்ன நிரலின் கேசட் வேண்டும், எங்கள் ஊரில் பயனர் மன்றம் தொடங்குகிறோம் என்றெல்லாம் இரண்டு மூன்று வரிகளில் வந்த அந்த அறிவிப்புகளே, ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறியாமல் இருந்தவர்களைப் பேச வைத்தன. லண்டனில் ஸ்பெக்ட்ரம் பயனர்களுக்கும் அதன் முன்னோடிகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் 1980களின் தொடக்கத்தில் நடந்த 'மைக்ரோஃபேர்' சந்தைகளில் மேசை போட்டவர்களில் பலர், வீட்டு அறையிலேயே துணைக்கருவி செய்து விற்ற சிறு உற்பத்தியாளர்கள். இதழில் முழுப்பக்கம் வாங்கப் பணமில்லாத ஒருவருக்கு, மூன்று வரி விளம்பரமும் சந்தையில் ஒரு மேசையும் சேர்ந்து கடையாகிவிட்டன.

நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சந்திப்புகள் தொடர்வதைத்தான் கவனிக்க வேண்டும். 'அமிகா' கணினியைச் செய்த கமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் திவாலானது; அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் 'அமிவெஸ்ட்' என்ற அமிகா ஆர்வலர் கூட்டம் தொடங்கியதோ 1998இல். ஆப்பிள் 2 கணினிக்காக 1989 முதல் நடந்துவரும் 'கேன்சஸ்ஃபெஸ்ட்' கூட்டமும், 1993இல் அந்தக் கணினியின் உற்பத்தி நின்ற பிறகு நிற்கவில்லை. இங்கிலாந்தில் 'அமிகா அடிக்ட்' என்ற புதிய அச்சு இதழ் 2021இல்தான் தொடங்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கியது. டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை உரிமம் பெற்று இங்கே விற்றது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்தவை தனி. மலையில் இருந்த எங்களுக்கு 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழின் விளம்பரப் பக்கமே கடைத்தெரு. சென்னை ரிச்சி தெருவிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ ஒரு சிப் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பிறகு மணியார்டர் அனுப்பியோ, பொருள் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டும் வி.பி.பி. முறையிலோ வரவழைப்போம். நூலகங்களில் பழைய இதழ்களை பைண்டு செய்யும்போது விளம்பரத் தாள்களைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் உண்டு. அன்று எது என்ன விலைக்கு, யாரிடம் கிடைத்தது என்ற பதிவு அத்துடன் போய்விடுகிறது.

இப்போது எங்கள் மலைக்குரிய சிக்கலைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மட்டுமல்ல, மாவட்டம் முழுவதும் ஈரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேசட் நாடாவிலும் ஃபிளாப்பித் தட்டிலும் பூஞ்சை படர்கிறது. பூஞ்சை படர்ந்த தட்டைத் தெரியாமல் டிரைவில் செருகினால், படிக்கும் முனையும் அழுக்காகி அடுத்த தட்டையும் கெடுக்கிறது. கமடோர் 64இன் பழைய பவர் சப்ளை பழுதாகும்போது, 5 வோல்ட் தர வேண்டிய இணைப்பில் கூடுதல் மின்னழுத்தத்தை அனுப்பி நினைவகச் சிப்களைக் கருக்கிவிடும். அமிகா 2000இல் மதர்போர்டின் மேலேயே பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, செப்புத் தடங்களை அரித்துவிடும். இவற்றைத் தொலைபேசியில் விளக்கிச் சரிசெய்ய முடியாது. மல்டிமீட்டரும் பற்றவைப்புக் கோலும் கொண்ட ஒருவர் அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மீதமிருக்கும் கேசட்டுகளை நாடா முழுவதும் போவதற்குள் நகலெடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரு கூட்டம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

மே மாதக் கோடை விழாவின் மலர்க் கண்காட்சியில் எங்களுக்கு ஓர் அரங்கு ஒதுக்கலாம் என்று கட்டுரையில் ஒருவர் யோசனை கூறியிருந்தார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் கோத்தகிரிக் காய்கறிக் கண்காட்சிக்கும் குன்னூர்ப் பழக் கண்காட்சிக்கும் இடையே தற்படம் எடுத்தபடி நகரும் கூட்டத்தில் ஒரு பவர் சப்ளையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது. இ-பாஸும் போக்குவரத்து நெரிசலும் இருக்கும் அந்த மாதத்தில், கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருபவர்களுக்கு அறை வாடகையும் கட்டுப்படியாகாது. பிப்ரவரிதான் பொருத்தமான மாதம். பனி இருக்கும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். மண்டபங்களும் காலியாக இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மேலும் ஒரு கட்டுரை வேண்டாம். தங்கள் நாளிதழின் கோவை, நீலகிரிப் பதிப்பில் வாரம் ஒருநாள், வீடு வாடகைக்கு, நிலம் விற்பனைக்கு என்பவற்றை அடுத்து, பழைய கணினிகளுக்கென ஒரு வரி விளம்பரத் தலைப்பைக் குறைந்த கட்டணத்தில் தொடங்குங்கள். இணையத்தில் இதற்கெல்லாம் குழுக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நானும் அவற்றைப் பார்ப்பவன்தான். ஆனால் தேடுபவர்கள் மட்டுமே அங்கு வருகிறார்கள். கணினியை வைத்திருப்பவரோ பெரும்பாலும் தேடுவதில்லை. எஸ்டேட் பங்களாவின் சாமான் அறையிலும், விடுதிப் பள்ளிகளின் பழைய ஆய்வகங்களிலும், அருவங்காடு, இந்து நகர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பரண்களிலும் இருக்கும் விசைப்பலகைப் பெட்டிக்கு ஒரு பெயர் உண்டு, அதை வாங்க ஆள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. நிரல் பதிந்த கேசட்டைப் போட்டுப் பார்த்துக் கீச்சொலி கேட்டதும், பாட்டு கெட்டுவிட்டது என்று காயலான் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் காலையில் காபியுடன் விரித்துப் படிப்பது தங்கள் நாளிதழைத்தான்.

விளம்பரம் தருபவர் கணினியின் பெயர், நிலைமை, ஓடுகிறதா இல்லையா என்ற மூன்றையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று விதிக்கலாம். ஏமாற்று வேலைக்கு இடம் தராமலிருக்க, நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தலைப்பின் கீழேயே அச்சிடலாம். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியிடத் தயங்குபவர்களுக்கு, மணமகன் தேவை விளம்பரங்களுக்குத் தருவதைப் போலப் பெட்டி எண் ஒன்றைத் தாங்கள் தந்தால் போதும். முதல் மாதத்துக்கான விளம்பரங்களைத் திரட்டித் தர இங்கு நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம். கட்டண விவரத்தைத் தங்கள் குன்னூர் முகவர் வழியாகத் தெரிவித்தால், வரும் பிப்ரவரிக் கூட்டத்துக்கான அறிவிப்பையும் அதே பகுதியில் பணம் கட்டி வெளியிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அரவேனு, கோத்தகிரி வட்டம்.