நான்கு கிண்ணங்களும் ஒரு கிளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்குகளிடம் இருப்பது பழக்கமும் இயல்பூக்கமும் மட்டுமே, ஆராய்ந்து முடிவுக்கு வரும் திறன் மனிதனுக்கே உரியது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அடித்துச் சொல்கிறது. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்றை, நடந்து முடிந்த சோதனைகளில் ஒன்றைக்கூடக் குறிப்பிடாமல் முடிந்த முடிவாக எழுதியிருப்பது வருத்தமளிக்கிறது.

'இது அல்லது அது, இது இல்லை, ஆகவே அது' என்பது தருக்கத்தின் அடிப்படை வடிவங்களுள் ஒன்று. இரண்டு கிண்ணங்களில் ஒன்று காலி என்று காட்டினால் மற்றதை நாடும் விலங்குகள் பல உண்டு. ஆனால் காலியானதை ஒதுக்கினாலே மிஞ்சுவது மற்றதுதான் என்பதால், இதை அனுமானம் என்று ஏற்க முடியாது என்ற மறுப்பு நியாயமானதே.

அந்த மறுப்பைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது நான்கு கிண்ணச் சோதனை. கிண்ணங்களை இரண்டு ஜோடிகளாக வைத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும், எதில் என்று தெரியாதபடி திரை மறைவில் தீனியை வைக்கிறார்கள். பிறகு ஒரு கிண்ணத்தைத் திறந்து, அது காலி என்று காட்டுகிறார்கள். காலியானதை ஒதுக்க மட்டுமே தெரிந்த உயிர் மீதி மூன்றில் எதையும் எடுக்கலாம் என்பதால், மூன்றில் ஒரு முறைதான் சரியானது கிடைக்கும். அனுமானிக்கத் தெரிந்த உயிரோ, காலியான கிண்ணத்தின் ஜோடியில் தீனி இருப்பது உறுதி, மற்ற இரண்டில் பாதி வாய்ப்புதான் என்று கண்டுகொள்ளும். உளவியலாளர்கள் ஷில்பா மோடியும் சூசன் கேரியும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயதுக் குழந்தைகள் இதில் தேறவில்லை. மூன்று வயதினர் தேறினர். கிளிகளின் அறிவுத்திறனை ஆராயும் ஐரீன் பெப்பர்பெர்க் குழுவினர் இதையே கிரிஃபின் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு வைத்தபோது, அது ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் உறுதியான கிண்ணத்தையே தேர்ந்தெடுத்தது.

கிரிஃபின் நெடுங்காலம் மனிதர்களிடம் பயிற்சி பெற்ற கிளி என்பதால், எல்லாக் கிளிகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த விலங்காலும் இயலாது என்பதை மறுக்க ஒரு பறவை போதும். கட்டுரையாளர் துணைக்கு அழைக்கும் தொல்காப்பிய மரபியலும், மக்களை ஆறறிவுயிர் என்று வகுத்த கையோடு 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' (விலங்குகளில் ஒரு பகுதியும் அவ்வகையில் உண்டு என்பர்) என்று இடம் விட்டே பேசுகிறது.

அந்த இணைப்பை மாணவர்களும் படிக்கிறார்கள். ஆகவே, இந்தச் சோதனையின் செய்முறையைப் படத்துடன் விளக்கும் கட்டுரை ஒன்றை அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.