மரக்கன்று நடுவதற்கு முன்னால் கோயில் காட்டைப் பாருங்கள்

சாமியின் பெயரைச் சொல்லி மரத்துக்கும் தண்ணீருக்கும் உழைக்கிற அன்பர்களுக்கு,

வணக்கம். கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று எந்த வாசலில் நின்று வேலை செய்தாலும் சரி, உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கோயில்களைக் கூலி வாங்காமல் சுத்தம் செய்கிற உழவாரப் பணிக் குழுக்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலை குறித்து ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பிரசங்கங்களிலும் சொற்பொழிவுகளிலும் இப்போது வெப்பமும் வெள்ளமும் பேச்சாகிவிட்டன. நல்லது. ஆனால் பேச்சு செயலாக மாறும்போது பெரும்பாலும் ஜூன் 5-ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று நடுகிற மரக்கன்றோடு முடிந்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. அடுத்த சித்திரையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றும். நான் பேச வந்தது, யாரும் நடாமலே நின்றுகொண்டிருக்கிற காட்டைப் பற்றி.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. மொத்தம் 4.97 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். காசா மரங்கள் அடர்ந்த இடம். 2025-இல் அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022-இல் மதுரை அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அறிவிப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் இது இரண்டாவது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியும் இப்படி ஒரு காடு உண்டு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பல இடங்களில் அய்யனாரைத் தேடித்தான் போக வேண்டும். வெளியே எல்லாம் வயலாகிவிட்டது, அல்லது மனையாகிவிட்டது. காசா, வீரை, உலக்கைப்பாலை எல்லாம் மெதுவாக வளர்கிற கெட்டி மரங்கள். ஒரு தலைமுறையில் மீட்டுவிட முடியாது.

இவை மிஞ்சியதற்குச் சட்டம் காரணமில்லை. குச்சி ஒடிக்கக் கூடாது, காய்ந்த விறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, செருப்போடு நுழையக் கூடாது என்கிற கட்டுப்பாடும், மீறினால் சாமி குத்தம் என்கிற பயமும்தான் காரணம்.

இப்போது இந்தக் காடுகளுக்கு ஆபத்து கோடரியோடு வருவதில்லை, நன்கொடை ரசீதோடு வருகிறது. ஊரைவிட்டுப் போய் நன்றாகச் சம்பாதித்தவர்கள் குலதெய்வத்துக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு முறையும் ஏதாவது கட்டியாக வேண்டும். முதலில் மண்டபம், அப்புறம் அன்னதானக் கூடம், தரைக்கு டைல்ஸ், சுற்றுச்சுவர், ஹைமாஸ் விளக்கு, கார் நிறுத்த ஒரு திடல். மண்பாண்டம் செய்கிற வேளார் கையால் கண்மாய் மண்ணில் செய்து, புரவியெடுப்புத் திருவிழாவில் ஊர்வலமாகத் தூக்கி வந்த குதிரைகள் இருந்த இடத்தில் பெயின்ட் அடித்த சிமென்ட் குதிரை நிற்கிறது. மண் குதிரை உடைந்து மண்ணோடு சேரும். அடுத்த குதிரைக்காக வேளாருக்கு வேலை கிடைக்கும். சிமென்ட் குதிரையால் யாருக்கும் எதுவும் இல்லை. இதையெல்லாம் செய்கிறவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை, பக்தியோடு செய்கிறார்கள். அதனால்தான் தடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

உழவாரப் பணி செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பர் உழவாரப் படையோடு புல் செதுக்கியது கோயில் முற்றத்தில். கோபுரத்தில் முளைக்கிற ஆலங்கன்றை நீங்கள் பிடுங்குவது சரி, அது கல்லைப் பிளந்துவிடும். ஆனால் கோயில் காட்டுக்குள் அதே சுத்தம் வேண்டாம். நீங்கள் புதர் என்று வெட்டுவதில் பாதி, நாளைக்கு மரமாக வேண்டிய கன்று. கூட்டி எரிக்கிற சருகுதான் மழை ஈரத்தைப் பிடித்து வைக்கிற போர்வை. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், பிளாஸ்டிக் தட்டையும் டம்ளரையும் பொறுக்குங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

இதை ஏன் வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்? 2024 டிசம்பரில் ராஜஸ்தானில் ஓரண் என்று சொல்கிற கோயில் காடுகள் பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இத்தகைய காடுகளை அடையாளம் கண்டு வரைபடமாக்கிப் பாதுகாக்கச் சொன்னது. தேவையான தீர்ப்புதான். ஆனால் அதிகாரி ஜீப்பில் வந்து அளந்தால் ஊருக்கு வேறு கவலை வரும்: வழிபாடு என்ன ஆகும், கிடா வெட்டு என்ன ஆகும், இடம் நம் கையை விட்டுப் போய்விடுமா என்று. நீங்கள் திருநீறு பூசிக்கொண்டு கமிட்டியில் உட்கார முடியும். திருப்பணிக்கு முன்னால் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்கிற வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. மண்டபம் கட்டலாமா என்று கேட்கிறவர்கள், மரத்தை எடுக்கலாமா என்றும் சாமியிடம் கேட்கட்டுமே. உறையூர் வெக்காளியம்மன் கூரை இல்லாமல் வானம் பார்த்துத்தான் இருக்கிறாள். அவளுக்கு என்ன குறைந்துவிட்டது? இந்த வாதத்தை நான் சொன்னால் நாத்திகப் பேச்சு என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அதற்காகப் பழைய கட்டுப்பாடு அத்தனையையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பெண்கள் வரக் கூடாது, இன்ன சாதிக்காரர் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதிகளும் சில இடங்களில் அதே சாமியின் பெயரில்தான் இருக்கின்றன. மரத்தைக் காக்கிற விதியை வைத்துக்கொண்டு மனிதரைத் தள்ளுகிற விதியை விட்டுவிடலாம். இதைச் சொல்லாமல் கோயில் காட்டைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

சர்ச், பள்ளிவாசல் நண்பர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். வடக்கு எத்தியோப்பியாவில் காடு அழிந்த வயல்வெளிக்கு நடுவே பச்சை வட்டங்களாக மிஞ்சியிருப்பவை ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றியுள்ள காடுகள்தான். மாடு உள்ளே புகுந்து கன்றுகளை மேயாமல் இருக்க, வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சுற்றிலும் சுவர் வைத்தார்கள். பாதிரிமார் முன்னால் நின்றதால் ஊரே வேலைக்கு வந்தது. நம் பக்கம் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் தர்கா வளாகங்களிலும் நிற்கிற பெரிய மரங்களை யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அடுத்த முறை எங்காவது திருப்பணிக் கமிட்டி கூடினால், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டடங்கள் எல்லாம் இருக்கும், மரம் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு மரத்தையும் பெயரோடு அதில் குறித்துக் கொடுங்கள். மண்டபம் வேண்டியதுதான் என்றால் காட்டுக்கு வெளியே, ஊர்ப் பக்கமாக இடம் பார்க்கச் சொல்லுங்கள். நன்கொடையாளரையும் ஒருநாள் அழைத்துவந்து காட்டுக்குள் நடக்க விடுங்கள். அதற்கப்புறமும் மரக்கன்று நடத்தான் வேண்டுமென்றால், விதையை அந்தக் காட்டின் ஓரத்திலேயே பொறுக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோயில் காட்டோரத்து ஊர்க்காரன்